குறைந்த விலைப்புள்ளி

சர்க்கரை என் வலக்கண்ணை எடுத்துக்கொண்ட வருடத்தில்தான் என் ஓட்டுநர் உரிமமும் காலாவதியானது. ஐம்பது வயதைத் தாண்டியவர் உரிமத்தைப் புதுப்பிக்க மருத்துவச் சான்று வைக்க வேண்டும். அந்தச் சான்றைத் தரகர் மூலமாக வாங்கலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். மருத்துவர் ஆளைப் பார்க்க மாட்டாராம், ஆளும் மருத்துவரைப் பார்க்க வேண்டியதில்லையாம், சான்றில் மட்டும் பார்வை குறைவில்லாமல் இருக்குமாம். தாலுகா அலுவலகத்தில் வாழ்நாளைக் கழித்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். நேராகக் கண் மருத்துவரிடம் போய் உட்கார்ந்து, உள்ளதை எழுதுங்கள் என்றேன். உள்ளதை எழுதிவிட்டார். என் பழைய மொபெட்டை அன்றே சுவரோரம் சாய்த்தேன்.

பெரம்பலூரில் வீடு, அரியலூர் சாலையில் நிலம். நடுவே இருபது கிலோமீட்டர். பஸ்ஸில் போனால் சாலையில் இறங்கி உள்ளே நெடுந்தூரம் மண்பாதையில் நடக்க வேண்டும். என் முழங்கால் அதற்கு ஒப்புக்கொள்ளாது. மூன்று ஏக்கர், ஒரு கிணறு, இலவச மின்சாரத்தில் ஒரு மோட்டார். சின்ன வெங்காயமும் பருத்தியும் போடுவேன். நிலத்துக்கு மேலே பருத்தி விளைந்தது, கீழே சுண்ணாம்புக்கல் இருந்தது. கீழே இருப்பதற்குத்தான் ஆள் வந்தார்கள். சிமெண்ட் ஆலைக்கு நிலம் பிடித்துக் கொடுக்கும் தரகர் ஒருவர் சுற்றுவட்டாரம் முழுக்க வாங்கிக்கொண்டே வந்து என் வரப்பில் நின்றிருந்தார்.

எனக்குப் பின்னால் என் சித்தப்பா மகனின் நிலம். அவன் விற்கத் தயாராகத்தான் இருந்தான். ஆனால் லாரி போக வேண்டுமானால் என் நிலத்தின் வழியாகத்தான் போக வேண்டும். ஆகவே தரகர் இரண்டையும் சேர்த்து வாங்குவார், இல்லையென்றால் இரண்டையும் விட்டுவிடுவார். நான் வாரத்தில் மூன்று நாளாவது போய் நின்றால்தான் என் கிணற்றுத் தண்ணீர் என் பயிருக்குப் பாயும். போகாத வாரத்தில் அது வரப்பு தாண்டி அவன் பக்கம் போய்விடும். கேட்டால் வாய்க்கால் உடைந்துவிட்டது என்பான். அந்த வாய்க்கால் நான் இல்லாத நாளாகப் பார்த்துத்தான் உடையும்.

நிலம் பூர்வீகச் சொத்து. சென்னையில் வேலை பார்க்கும் என் மகனுக்கும் சட்டப்படி அதில் பங்குண்டு. அதை அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். அவன் போனில் தெளிவாகச் சொல்லிவிட்டான்: "தை வரைக்கும் பாப்போம்ப்பா. யாரையும் எதிர்பாக்காம நீங்களா போயிட்டு வந்தீங்கன்னா நெலம் இருக்கட்டும். முடியலைன்னா கையெழுத்துப் போட்டுருவோம். நடுரோட்டுல நீங்க விழுந்து கெடந்தா எனக்கு எவன் போன் பண்ணுவான்?"

அந்தச் சமயத்தில்தான் பேட்டரி வண்டிகள் வந்தன. மோட்டாரின் திறன் ஓர் அளவுக்குள் இருந்து, வேகம் இருபத்தைந்து கிலோமீட்டரைத் தாண்டாவிட்டால் பதிவு வேண்டாம், நம்பர் பிளேட் வேண்டாம், உரிமமும் வேண்டாம். விதியை வரவழைத்து இரண்டு முறை படித்தேன். மெதுவாகப் போகிறவனுக்கு எத்தனை கண் இருக்கிறது என்று அரசு கேட்கவில்லை. என் நிலைக்காகவே எழுதியதுபோல் இருந்தது. முப்பது வருடத்தில் எனக்குச் சாதகமாக நான் படித்த ஒரே விதி அதுதான்.

வாங்குவதென்று முடிவானதும் முறைப்படி செய்தேன். முதலில் தேவையை எழுதினேன்: போக வர நாற்பது கிலோமீட்டர், ஒரு ஆள், ஒரு சாக்கு வெங்காயம் வைக்க இடம். பிறகு மூன்று இடங்களில் விலைப்புள்ளி வாங்கினேன். மூன்றையும் கட்டம் போட்டு ஒப்பிட்டு எழுதிக்கொண்டிருந்தபோது என் மனைவி காபியை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"என்னையப் பாக்க வந்தப்பவும் இப்படித்தான் மூணு எடத்துல வாங்குனீங்களா?" என்றாள்.

ஒரே இடத்தில்தான் என்றேன். "அதான பாத்தேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அரியலூரில் ஒரு சைக்கிள் கடைக்காரர் வைத்திருந்தது, சைக்கிளுக்கு மோட்டார் கட்டியதுபோன்ற ஒன்று. விலை ஆகக் குறைவு. ஆனால் பேட்டரி தீர்ந்தால் மிதிக்க வேண்டும். முழங்காலைக் காரணம் காட்டி அதைத் தகுதி நீக்கம் செய்தேன். திருச்சி சாலையில் கண்ணாடி வைத்த பெரிய கடையில் இருந்தது ஸ்கூட்டர் மாதிரி. பெரிய பேட்டரி, நல்ல இருக்கை, ஒரு சார்ஜுக்கு எழுபது கிலோமீட்டர் என்று அட்டையில் அச்சிட்டிருந்தார்கள். விலை என் ஓய்வூதியத்தைப் பார்த்துச் சிரித்தது. மூன்றாவது, லப்பைக்குடிக்காட்டுக்காரர் ஒருவர் வளைகுடாவில் சம்பாதித்த பணத்தில் பெரம்பலூரில் புதிதாகப் போட்டிருந்த கடை. சீனாவிலிருந்து பாகங்களாக வந்து இங்கே பூட்டிய வண்டி. அட்டையில் அறுபது என்றிருந்தது. விலை, கண்ணாடிக் கடையைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு.

"பாய், அறுபதுன்னு போட்டிருக்கு. நெஜமா போகுமா?" என்று கேட்டேன்.

"எழுதுனது கம்பெனி, ஓட்டப் போறது நீங்க. நான் நடுவுல நிக்கிறவன் சார்" என்று சிரித்தார். நான் சிரிக்காததைக் கண்டு, "அம்பதுக்குக் கொறையாது, இன்ஷா அல்லா" என்று சேர்த்துக்கொண்டார்.

ஐம்பது என்று எழுதிக்கொண்டேன். இன்ஷா அல்லாவுக்கு என் பட்டியலில் கட்டம் இல்லை.

ஓட்டிப் பார்க்கவும் கொடுத்தார். புது பஸ் நிலையம் வரை போய்த் திரும்பினேன். சத்தமே இல்லை. சாலையோரம் படுத்திருந்த நாய்கூடத் தலையைத் தூக்கவில்லை. தகுதி பெற்றவற்றில் குறைந்த விலைப்புள்ளி எதுவோ அதை ஏற்க வேண்டும். இந்த ஒரு விதியை மீறியதற்காகத் தணிக்கையில் மாட்டி ஓய்வூதியம் நின்றுபோனவர்களை எனக்குத் தெரியும். பாய் கடை வண்டியை எடுத்தேன். எலுமிச்சம்பழத்தை அவரே வாங்கி வந்து சக்கரத்தடியில் வைத்தார்.

முதல் நாள் போகும்போது ராஜா மாதிரி போனேன் என்றுதான் சொல்ல வேண்டும். குன்னம் பக்கத்துக்காரர்கள் சாலையில் பாதியை மக்காச்சோளம் காயப் போட எடுத்துக்கொண்டிருந்தார்கள், மீதிப் பாதியைச் சுண்ணாம்புக்கல் லாரிகள் எடுத்துக்கொண்டன. நான் ஓரத்து மண்ணில் போனேன். சித்தப்பா மகன் என் கிணற்று மேட்டில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தான். சத்தம் கேட்காததால் நான் பக்கத்தில் போய் நிற்கும்வரை அவனுக்குத் தெரியவில்லை. அன்று வாய்க்கால் உடையவில்லை.

திரும்பும்போது வீட்டுக்கு ஐந்தாறு கிலோமீட்டர் இருக்கையில் வண்டி களைத்தது. முதலில் வேகம் குறைந்தது, பிறகு மேடு ஏற மறுத்தது, பிறகு நின்றது. தள்ளினேன். அட்டையில் இருந்த அறுபது, பாய் சொன்ன ஐம்பது, நான் கேட்ட நாற்பது, எதுவும் வரவில்லை. மறுநாள் போய்க் கேட்டதற்குப் பாய், சீனாவில் மண்சாலை கிடையாது, ஆட்களும் ஒல்லி என்றார். பழகப் பழகப் பேட்டரி நீளும் என்றும் சொன்னார். நீளவில்லை.

கணக்கு எளிது. நிலத்தில் இருக்கும் நேரத்தில் மூன்று மணி நேரம் சார்ஜ் போட்டால் வீடு வந்து சேரலாம். நிலத்தில் மோட்டார் கொட்டகையில் மின்சாரம் இருக்கிறது. ஆனால் அது விவசாயத்துக்கு என்று இலவசமாகக் கொடுத்தது. தண்ணீர் இறைக்காத எதற்கும் அதைத் தொடக்கூடாது. தொட்டால் இணைப்பைத் துண்டிக்கலாம். கொட்டகைக்குத் தனியாகக் கட்டண இணைப்பு வாங்கலாமா என்று பார்த்தேன். அதற்கு வீட்டு வரி ரசீது வேண்டும். வரி போட வேண்டுமானால் அது கட்டடமாக இருக்க வேண்டும். நான்கு தூணும் தகரமும் கட்டடம் ஆகாது என்று ஒருவருக்கு நானே ஒருமுறை பதில் எழுதியிருக்கிறேன். சரியான பதில்தான்.

"அண்ணே, ஊரே கம்பியில கொக்கி போட்டுக் கரண்ட்டு எடுக்குது. உங்க கொட்டாயில ஒரு பிளக்கச் சொருவ உங்களுக்கு என்னண்ணே?" என்று சித்தப்பா மகன் கேட்டான். நான் விதியைச் சொன்னேன். "சரி, நம்ம வூட்ல போட்டுக்குங்க. அது காசு கட்டுற கரண்ட்டுதான்" என்றான்.

அவன் வீடு நிலத்தை ஒட்டியே இருந்தது. இரண்டு வாரம் அவன் வீட்டு நடையில் வண்டியை நிறுத்திச் சார்ஜ் போட்டேன். அவன் மனைவி மோர் கொடுப்பாள். நான் நிலத்தைப் பார்த்துவிட்டு வருவேன், இருட்டுமுன் வீடு சேர்வேன். வெங்காயம் தாள் விட்டு நின்றது. மகனிடம் போனில் எல்லாம் சரியாகப் போகிறது என்று சொன்னேன். நிலம் என் கையில் நின்றது அந்த இரண்டு வாரம்தான்.

மூன்றாவது வாரம் ஒரு தாளை எழுதி எடுத்துப் போனேன். ஒருவர் பெயரில் உள்ள இணைப்பிலிருந்து இன்னொருவர் மின்சாரம் எடுத்தால் அது விற்பனையா என்று நாளைக்கு யாராவது வந்து கேட்கலாம். கேட்டால் அவனுக்குத்தான் தொல்லை. அதனால் நாலு வரி: இன்னாருடைய வண்டிக்கு என் வீட்டு இணைப்பில் மின்னேற்றம் செய்துகொள்ள எனக்கு ஆட்சேபணை இல்லை, இதற்காக நான் எதுவும் பெறவில்லை. அவனைக் காப்பாற்றுகிற தாள் அது. கீழே கையெழுத்துக்குக் கோடும் போட்டிருந்தேன்.

அவன் தாளைக் கையில் வாங்கவே இல்லை.

"இது எதுக்குண்ணே?"

"ஒனக்கு ஒரு பாதுகாப்புக்குத்தான்."

"எங்கப்பாட்டயும் பெரியப்பா இதத்தான் சொன்னாராம்" என்றான். குரலை உயர்த்தவில்லை. "ஒரே ஒரு கையெழுத்து. கெணத்துல பங்கு போச்சு. அப்பா சாவுற வரைக்கும் அந்தக் கெணத்து மேட்டுலதான் உக்காந்திருந்தாரு. கரண்ட்டு எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்குங்க. கையெழுத்து மட்டும் கேக்காதீங்க."

அந்தப் பாகப்பிரிவினை முறைப்படி நடந்தது, கிணற்றுக்கு ஈடாக அவன் அப்பாவுக்கு வேறு இடத்தில் அரை ஏக்கர் கூடுதலாகப் போனது, பத்திரமே இருக்கிறது என்று விளக்கினேன். விளக்க விளக்க அவன் முகம் இறுகியது. அவன் மனைவி உள்ளேயிருந்து, "வூட்டு மேலயே எழுதி வாங்க வந்துட்டாங்களா?" என்றாள். அன்று மோர் வரவில்லை.

அடுத்த முறை போனபோது வீடு பூட்டியிருந்தது. அதற்கடுத்த முறை பிளக் போடும் பலகையில் ஷாக் அடிக்கிறது, கழற்றிவிட்டோம் என்றார்கள். அது இருந்த இடத்தில் சுவரில் ஒரு வெள்ளைச் சதுரம் தெரிந்தது.

பிறகு போவது வண்டியில், வருவதில் பாதி தள்ளிக்கொண்டு. பேட்டரியும் வாரத்துக்கு வாரம் சுருங்கியது. லாரிக்காரர்கள் எனக்குப் பழகிவிட்டார்கள். ஒருவர் பார்க்கும்போதெல்லாம் ஒலிப்பானை அடித்து, "தாத்தா, எறக்கி வெச்சுட்டு நடந்தே போயிரலாம்" என்பார். ஒரு மதியம் புளியமரத்தடியில் வண்டியைச் சாய்த்து உட்கார்ந்தவன் எழுந்திருக்க முடியாமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். மயக்கமெல்லாம் இல்லை. அவ்வழியே பஸ்ஸில் போன சித்தப்பா மகன் பார்த்திருக்கிறான். இறங்கி வந்து என்னைக் கேட்டிருக்கலாம். சென்னைக்குப் போன் செய்தான். "அண்ணன் ரோட்டோரமா கெடக்குறாரு" என்று சொன்னானாம். விழுந்தால் யார் போன் செய்வார்கள் என்று என் மகன் பட்டிருந்த கவலை தீர்ந்தது.

மகன் அந்த வாரமே வந்தான். சண்டை போடுவான் என்று நினைத்தேன். வண்டியைச் சுற்றிப் பார்த்தான், ஒப்பீட்டுப் பட்டியலை எடுத்துப் படித்தான், பிறகு திருச்சி சாலைக் கடைக்கும் போய் விசாரித்துவிட்டு வந்தான்.

"அந்தப் பெரிய வண்டி நாப்பது தாராளமா போகும்னு வாங்கினவங்களே சொல்றாங்க. அத எடுத்திருந்தா இந்த வம்பே இல்லையேப்பா. ஏன் எடுக்கல?"

"அது அதிக விலைப்புள்ளி."

"யாருக்குப்பா டெண்டர் விட்டீங்க? உங்களுக்குத்தான வாங்குனீங்க? கொறையிற பணத்த எங்கிட்டக் கேட்டிருக்கலாம்ல?"

இப்போதும் அந்த வாதத்தை நான் ஏற்கவில்லை. பட்டியலில் பிழை இல்லை. பிழை அட்டையில் அச்சிட்டவனுடையது. புது வண்டி வாங்கித் தா என்று அன்று கேட்டிருந்தால் அவன் தந்திருப்பானா என்பது வேறு விஷயம். நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. "தைக்குக் காத்திருக்க வேண்டாம்ப்பா" என்று மட்டும் சொன்னான். என் மனைவி அடுப்பங்கரையிலிருந்து வெளியே வரவே இல்லை.

கிரயத்தன்று அரியலூரில் பத்திர எழுத்தர் தட்டச்சுப் பிரதியை நீட்டினார். தரகர் பேனாவோடு நின்றார், மகன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். நான் இடக்கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து முழுவதும் படித்தேன். சொத்து விவரத்தில் பெரம்பலூர் மாவட்டம் என்று இருந்தது. மாவட்டத்தைப் பிரித்து, சேர்த்து, அப்போதுதான் மறுபடியும் பிரித்திருந்தார்கள். என் நிலம் அரியலூர் மாவட்டத்தில் வந்துவிட்டது. எழுத்தர் பழைய மாதிரியையே அடித்திருந்தார். மூன்று பேர் படித்தும் யாருக்கும் தெரியவில்லை. நான் பேசாமல் இருந்திருந்தால் விற்பனை நின்றிருக்காது என்பதும் எனக்குத் தெரியும். என்றாவது ஒரு நாள் பிழைதிருத்தல் பத்திரத்துக்கு என் கையெழுத்துத் தேவைப்பட்டு என் வீட்டு வாசலில் அவர்கள் வந்து நின்றிருப்பார்கள். அந்த அலைச்சலையாவது அவர்களுக்கு மிச்சம் வைத்திருக்கலாம்.

சுட்டிக்காட்டினேன். எழுத்தர் அந்தப் பக்கத்தை மாற்றி அடித்துக் கொண்டுவந்தார்.

"நல்லவேளை சார், நீங்க பாத்தீங்க" என்றார் தரகர். "உங்கள மாதிரி ஆளு கூட இருந்தா எங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்ல."

எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டேன்.