வெற்றுக் குழாய்

சோதனைக் குழாய்களை அவளேதான் கழுவுவாள். ஆய்வகத்தில் பாத்திரம் தேய்க்க ஓர் அம்மா இருந்தார்; இந்தக் குழாய்களின் பக்கம் மட்டும் அவரை விடமாட்டாள். விரல் வியர்வை ஒரு துளி ஒட்டினாலும் அளவு கெட்டுவிடும். அமிலத்தில் ஊறவைத்து, காய்ச்சி வடித்த நீரில் ஆறு முறை அலசி, வாய்ப்பக்கம் கை படாமல் கம்பிக் கூடையில் கவிழ்ப்பாள். "பச்சப் பிள்ளையக்கூட இப்படிக் குளிப்பாட்ட மாட்டாங்க" என்பார் அந்த அம்மா.

தீவன ஆய்வகத்தில் இருபத்திரண்டு வருட வேலை. தீவனத்தில் லைசின் என்ற சத்து எவ்வளவு இருக்கிறது என்பதல்ல, கோழியின் உடம்பில் எவ்வளவு சேரும் என்பதுதான் அவள் பார்ப்பது. பிண்ணாக்கை அளவுக்கு மீறி வறுத்தால் லைசின் உள்ளேயே இருக்கும், ஆனால் பூட்டிய அலமாரிக்குள் இருப்பது போல. அதைக் கண்டுபிடிக்க ஒரு பாக்டீரியாவை வளர்த்தாள். லைசினைத் தானே உண்டாக்கிக்கொள்ளத் தெரியாத பாக்டீரியா. செரிக்கவைத்த தீவனத்திலிருந்து கிடைப்பதைத் தின்று, கிடைத்த அளவுக்கே பெருகும். பெருகப் பெருகக் குழாய் கலங்கும். அந்தக் கலங்கலை அளந்தால் விடை வந்துவிடும்.

வரிசைக்கு ஒரு குழாயில் லைசினே இருக்காது. வெற்றுக் குழாய் என்பார்கள். பாக்டீரியாவை விட்டாலும் அது தெளிவாகவே நிற்க வேண்டும். இத்தனை வருடமும் அப்படியே நின்றது.

வாரம் ஒருமுறை பாக்டீரியாவைப் புது ஊட்டத்துக்கு மாற்ற விடுமுறை நாளிலும் போவாள். கணவன் இறந்தபின் அண்ணன் வீட்டு மாடி அறைதான் அவள் வீடு. "உன் பிள்ளைங்களுக்குச் சோறு போட்டாச்சா?" என்று அண்ணி கேட்பாள். பாதி கேலி, பாதி அலுப்பு.

அண்ணன் கோழி வளர்த்தார். ஒருநாள் மலிவாகக் கிடைக்கிறதென்று சோயா பிண்ணாக்கை ஒரு பையில் கொண்டுவந்து நீட்டினார். குழாய்த் தாங்கியில் இடமில்லை. அவரைக் காக்கவைக்க அவளுக்கு மனம் வரவில்லை. எப்படியும் தெளிவாகத்தானே நிற்கப்போகிறது என்று வெற்றுக் குழாயை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் அண்ணன் பிண்ணாக்கை வைத்தாள். நன்றாகக் கலங்கியது.

"கருகின வாசம் வருதேம்மா?" என்றார் அண்ணன்.

"மூக்கு ஏமாத்தும்ணா. என் பிள்ளைங்க ஏமாத்தாது. தாராளமா வாங்கு."

ஒருநாள் எடுத்தது ஐந்து வாரமானது. அந்த இடத்துக்கு எப்போதும் யாராவது ஒருவருடைய மாதிரி காத்துக்கொண்டிருந்தது.

கோழிகள் தின்றன, எடை ஏறவில்லை. இறகு சிலிர்த்து, நாற்பது நாள் கோழி இருபது நாள் கோழி போல நின்றது. மருத்துவர் அறுத்துப் பார்த்து நோய் ஒன்றுமில்லை என்றார். அண்ணன் தண்ணீரைச் சந்தேகப்பட்டார், பிறகு தன்னையே. குஞ்சு கொடுக்கும் நிறுவனம், இனி உங்களுக்குக் குஞ்சு இல்லை என்று சொல்லிவிட்டது.

அன்று அவள் வெற்றுக் குழாயைத் திரும்ப வைத்தாள். மறுநாள் காலை அது அரிசி களைந்த தண்ணீர் போல இருந்தது. மாற்றி மாற்றி வளர்த்ததில் எப்போதோ ஒரு பாக்டீரியா லைசினைத் தானே உண்டாக்கக் கற்றுக்கொண்டு, அதன் வம்சமே நிறைந்திருந்தது. எதைக் கொடுத்தாலும் கலங்கியிருக்கும், மண்ணைக் கொடுத்திருந்தாலும்.

ஆய்வக அதிகாரியிடம் சொன்னாள். அவர் திட்டவில்லை. ஐந்து வார அறிக்கைகளையும் திரும்பப் பெறுவதாகக் கடிதங்கள் போயின. பாக்டீரியாவை ஆவியில் வேகவைத்துக் கொட்டினார்கள். இனி மாதிரிகளை வெளியே அனுப்பிக்கொள்ளலாம், இந்தச் சோதனை வேண்டாம் என்று முடிவானது. அண்ணனுக்கு மட்டும் கடிதம் இல்லை. அவர் பிண்ணாக்கு பதிவேட்டில் ஏறவே இல்லை.

மாலையில் கூடத்தில் அண்ணன் கோழிகளின் தண்ணீர்த் தட்டைப் பிரித்துப்போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தார். அந்த வாரத்தில் மூன்றாவது முறை. அண்ணி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அதை விடுண்ணா. தண்ணியில ஒண்ணுமில்ல. நீயும் ஒண்ணும் பண்ணல. நான்தான்."

குழாயை எடுத்தது முதல் எல்லாவற்றையும் சொன்னாள். அண்ணி கத்தியைக் கீழே வைத்தாள். கேலி எதுவும் வரவில்லை.

"வாசம் வருதுன்னு சொன்னேன்ல?" என்றார் அண்ணன்.

"சொன்னே."

தட்டைத் துடைத்து, திருகுகளை ஒவ்வொன்றாக முடுக்கினார். வெளியே கொட்டகையில் தீவன நேரத்துச் சத்தம் தொடங்கியிருந்தது.

"ஏதாவது திட்டேன்ணா."

அவர் தட்டை இடுக்கிக்கொண்டு எழுந்தார். வாசலில் செருப்பைக் காலால் தேடி மாட்டிக்கொண்டு கொட்டகைப் பக்கம் போனார்.