மறுபடி நனைத்த மதிப்பெண் பட்டியல்

"வெள்ளத்தில் நனைந்த ஆவணங்களைத் தலைமை அலுவலகத்தின் எழுத்துமூல அனுமதியின்றி இடம் மாற்றக் கூடாது." எங்கள் கம்பெனி விதி இது. வெள்ளத்துக்கு யாரும் நகல் அனுப்பவில்லை போலிருக்கிறது. 2008 மழையில் ஒரகடம் ஆலையின் ரெக்கார்டு ரூமுக்குள் முழங்காலளவு தண்ணீர் புகுந்து, பாதிக் கோப்புகளைத் தானே இடம் மாற்றிவிட்டது. நிர்வாக அதிகாரியான நான் அன்றே அனுமதி கேட்டு எழுதினேன்.

தண்ணீர் வடிந்ததும் அசெம்பிளி லைனில் வேலை பார்த்த திருநெல்வேலிப் பெண் ஒருத்தி வந்து நின்றாள். பயிற்சிக்கு வருகிறவர்கள் பாதியில் ஓடாமலிருக்க அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வது எங்கள் வழக்கம். எந்த விதியிலும் இல்லாததால் அது மட்டும் ஒழுங்காக நடந்தது. வெள்ளிக்கிழமை அவளுக்குத் திருச்சியில் அரசு வேலைக்கு நேர்முகம். அசல் மதிப்பெண் பட்டியல் இல்லாவிட்டால் வாசலோடு திருப்பிவிடுவார்கள். அதுவோ மற்றவர்களுடையதோடு ஒட்டி ஒரே கட்டாகக் கிடந்தது.

"பெயிண்ட் காய வெக்கிற ஓவன் சும்மாதான் கீது சார். ரெண்டு ரவுண்டு வுட்டா மொறுமொறுன்னு வந்துடும்" என்றார் படப்பைக்கார சூப்பர்வைசர். ஏற்கெனவே வருகைப் பதிவேட்டை விட்டுப் பார்த்திருந்தார். அது செங்கல்லாகத் திரும்பியிருந்தது. வந்தவன், வராதவன் என்ற பேதமெல்லாம் அதற்குள் ஒழிந்துவிட்டது.

"அப்பளம் பொரிக்கிறதுன்னா கேன்டீன்ல சொல்லுங்க" என்று சான்றிதழ்க் கட்டை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டு, அகலமான தட்டில் நல்ல தண்ணீர் ஊற்றி அதில் அமிழ்த்தினேன்.

"நனஞ்சதப் போயி மறுபடி நனைக்கியளே சார்" என்றாள்.

"காய்ஞ்சா பிரியாதும்மா. கிழியும்."

ஊறியதும் பிளாஸ்டிக் தாளை இடையில் நுழைத்து ஒவ்வொன்றாகப் பிரித்தேன். அவளுடையது கடைசியில் வந்தது. அச்சு அப்படியே இருந்தது. முத்திரை மட்டும் ஊதாவாகப் பரவியிருந்தது. வெள்ளைத் துணிகளுக்கு நடுவே வைத்து, மின்விசிறியில் உலர்த்தி, கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தேன். பிரிக்க நேரமில்லாத மற்றக் கட்டுகள் கேன்டீன் ஃப்ரீசரில் கோழிக்குப் பக்கத்தில் உறைந்தன. உறைந்த தாளில் பூஞ்சை பிடிக்காது, ஆவணக் காப்பு முறைப்படி அதுதான் சரி. சமையல்காரர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

பொங்கல் கழிந்து அவள் போன் செய்தாள்.

"வேல கெடச்சிட்டு சார். சீல் ஏன் இப்படி இருக்குன்னு கேட்டாவ. எங்க சார் குளிப்பாட்டுனாவன்னு சொன்னேன்."

என் கடிதத்துக்கும் பதில் வந்தது: "கோரிக்கை பரிசீலனையில் உள்ளது. அதுவரை ஆவணங்களை நனைந்த நிலையிலேயே வைத்திருக்கவும்." வந்த தேதி, 2009 ஜூலை 14.