கஸ்தூரிக்காக வைத்துவிட்டுப் போன சனி

போன வாரம் சிநேகிதர் ஒருவரின் மருமகள் போனில் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். முதல் தொலைநோக்கி வாங்கப் போகிறாராம். எத்தனை அங்குலக் கண்ணாடி நல்லது, எத்தனை மடங்கு பெரிதாகத் தெரிந்தால் போதும் என்று கேட்டிருந்தார். குழாயை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் அதைத் தாங்கும் ஸ்டாண்டைப் பாருங்கள் என்று ஆரம்பித்தேன். ஆரம்பித்தவன் நிறுத்தவில்லை. கால் கனமாக இருக்க வேண்டும், தள்ளினால் வெண்ணெய் மாதிரி திரும்ப வேண்டும், விட்டால் விட்ட இடத்தில் நிற்க வேண்டும், கையை எடுத்ததும் ஆட்டம் அடங்க வேண்டும் என்று கட்டை விரல் வலிக்கும்வரை அடித்துக்கொண்டே போனேன். எதிரே உட்கார்ந்து அவரைக்காய்க்கு நார் எடுத்துக்கொண்டிருந்த என் மனைவி கஸ்தூரி எட்டிப் பார்த்தாள்.

"இன்னா மாமா, யாருக்கு இம்மாம் பெரிய லெட்டர்?"

படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுச் சிரித்தாள். "எல்லாம் எழுதுன. முக்கியமானத எழுதலயே" என்று சொல்லிவிட்டு அவரைக்காயோடு உள்ளே போய்விட்டாள். அந்த முக்கியமானதை அந்தப் பெண்ணுக்கு நான் எழுதவில்லை. எழுதினால் நான் எவ்வளவு பெரிய அறிவாளி என்பது தெரிந்துவிடும். உங்களிடம் சொல்வதில் ஒன்றுமில்லை.

கல்யாணமான புதிதில் ஒரகடத்தில் ஒரு மொட்டைமாடி அறையில் இருந்தோம். அறை ஒன்று, தடுப்புக்கு அப்பால் அடுப்பு, மேலே சிமெண்ட் ஷீட். கதவைத் திறந்தால் மாடி முழுக்க எங்களுடையது. நான் கார்களுக்குச் சக்கர அச்சு செய்யும் தொழிற்சாலையில் நிரந்தர நைட். கஸ்தூரி வயரிங் செய்யும் கம்பெனியில் பகல். இரண்டும் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். எனக்கு ஆறே முக்காலுக்கு பஸ். அவள் எட்டு மணிக்கு வந்து இறங்குவாள். காலையில் நான் வருவதற்குள் அவள் போயிருப்பாள். அவளுக்கு ஞாயிறு லீவு. அந்த சீசனில் ஞாயிறும் ஓ.டி. போட்டார்கள். எனக்கு வியாழன் லீவு. அந்தக் கார்த்திகையில் வியாழக்கிழமை பார்த்துத்தான் மழை பெய்தது.

ஆகவே ஒருவருக்கொருவர் எதையாவது வைத்துவிட்டுப் போவதுதான் எங்கள் குடித்தனம். அவள் எனக்குக் குழம்பு வைத்துவிட்டுப் போவாள். நான் அவளுக்குச் சாதம் வடித்து மூடிவிட்டுப் போவேன். சாப்பிட்டுவிட்டேன் என்பதற்கு அடையாளமாகத் தட்டைக் கழுவிக் கவிழ்த்திருப்பாள். தலையணையில் அவள் தேங்காய் எண்ணெய் வாசனை இருக்கும். பெண்டாட்டியோடு இருக்கிறேன் என்பதற்குப் பல நாட்கள் அந்த வாசனைதான் எனக்கு ஆதாரம். இப்போதும் எங்காவது அந்த எண்ணெய் வாசனை வந்தால் ஒரு நிமிஷம் தூக்கம் வருகிறது.

தொலைநோக்கி வாங்கியது என் ஆசை. சின்ன வயதிலிருந்தே இருந்த ஆசை என்று சொல்ல மாட்டேன், போனில் யாரோ போட்ட வீடியோவைப் பார்த்து வந்த ஆசைதான். பெட்டியைப் பிரித்தபோது குழாய் கம்பீரமாக இருந்தது. அதைத் தாங்க வந்த ஸ்டாண்டுக்குக் கொக்குக் கால். மாடியில் பூனை நடந்தால்கூட நிலா நடுங்கியது. எதிர் ரோட்டில் டிரெய்லர் போனால் கேட்கவே வேண்டாம்.

ஒருநாள் மாலை, பஸ்ஸுக்குக் கிளம்பும் அவசரத்தில், தென்மேற்கில் சிமிட்டாமல் நின்ற ஒரு புள்ளிக்கு அதைத் திருப்பினேன். நடுங்கி நடுங்கி அடங்கியபோது உள்ளே வளையத்தோடு சனி நின்றது. குண்டூசித் தலை அளவுதான். ஆனால் வளையம் வளையம்தான். பஸ்ஸில் ஏறியதும் கஸ்தூரிக்குப் போன் செய்தேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை, கத்தினேன் என்பது மட்டும் நினைவிருக்கிறது. முன் சீட்டில் தூங்கியவர் திரும்பிப் பார்த்தார்.

"நீ மட்டும் பாத்தா ஆச்சா? நானும் பாக்கணும். எங்கம்மா வந்து இட்டுகினு போறதுக்குள்ள காட்டிடு" என்றாள்.

அவளுக்கு அப்போது ஏழாம் மாதம். மார்கழி பிறப்பதற்குள் வளைகாப்பை முடித்து வாலாஜாபாத்துக்கு அழைத்துப்போய்விட வேண்டும் என்று என் மாமியார் நாள் குறித்துவிட்டார். சனியும் வாரத்துக்கு வாரம் மேற்கே இறங்கிக்கொண்டிருந்தது. அவள் குழந்தையோடு திரும்பி வரும்போது அது அந்தப் பக்கம் இருக்காது. எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாக அந்த வீட்டில் அப்போது பிறக்கப்போகும் குழந்தையைத் தவிர வேறு எதுவும் இல்லை என்று எனக்கு ஒரு பயம் இருந்தது. இதையாவது அவளுக்குக் காட்டிவிட வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

வழி சுலபமாகத்தான் பட்டது. சாதம் வைப்பது போல இதையும் வைத்துவிட்டுப் போவது. ஆறரை மணிக்குச் சனியைப் பிடித்து, ஸ்டாண்டை இறுக்கிவிட்டுக் கிளம்புவேன். எட்டு மணிக்கு அவள் வந்து கண்ணை வைத்தால் போதும். அவளே தேடிப் பிடிக்கலாமே என்பீர்கள். குழாயோடு சேர்ந்து குனிந்து குறிபார்க்க அந்த வயிற்றோடு அவளால் முடியாது.

முதல் நாள் அவள் மெசேஜ் வந்தது. "ஒண்ணியும் காணோம். இருட்டா கீது."

ஸ்டாண்டு இறங்கியிருக்கிறது என்று முடிவு செய்தேன். அதற்கு எனக்குக் காரணமும் இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சனி மெல்ல மெல்ல ஓரத்துக்குப் போவதைக் கவனித்திருந்தேன். தொழிற்சாலையில் நான் நின்ற இடம் போல்ட் முறுக்கும் இடம். எது நகர்ந்தாலும் போல்ட் லூஸ் என்று நினைப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

மூன்று காலுக்கும் நடுவில் ஒரு தண்ணீர்க் கேனைக் கட்டித் தொங்கவிட்டேன். ஆட்டம் குறைந்தது, சனி நிற்கவில்லை. கஸ்தூரியின் ரப்பர் செருப்பை வெட்டிக் கால்களுக்கு அடியில் வைத்தேன். அது புதுச் செருப்பு என்பது அப்புறம்தான் தெரிந்தது. அதற்கும் சனி நிற்கவில்லை. கடைசியில் அந்தக் கொக்குக் காலையே தூக்கிப் போட்டேன். பெரிய பெயிண்ட் வாளியில் கான்கிரீட் கொட்டி, நடுவில் ஒரு இரும்புக் குழாயை நட்டு, குழாய்க்குள் மணலை நிரப்பினேன். சிங்கப்பெருமாள் கோவில் ரோட்டில் ஒரு பழைய சாமான் கடையில் ஷேர் ஆட்டோவின் சக்கரம் மாட்டிச் சுழலும் வீல் ஹப் கிடைத்தது. அதை மேலே பொருத்தியதும் தொலைநோக்கி ஒரு விரலுக்குத் திரும்பியது. ஈரச் சிமெண்ட் வாசனை அறைக்குள் இரண்டு நாள் இருந்தது.

கீழ் வீட்டிலிருந்து ஹவுஸ் ஓனர் அக்கா ஏறி வந்து பார்த்தார்.

"இன்னா தம்பி, மாடில கம்பம் நட்டுகினு கீற? கொடி ஏத்தப் போறியா?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. "மாசமா கீறவளுக்குப் போயும் போயும் சனியவா காட்டுவே? கோயில்லயே நேரா நின்னு கும்புட மாட்டோம்."

ராத்திரி அவள் வந்ததும் அதையே அவளிடமும் சொல்லியிருக்கிறார். கஸ்தூரி சொன்ன பதிலை அக்கா ரொம்ப நாள் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். "அவரு நம்மளப் பாத்தாதான்கா தப்பு. நம்ம அவரப் பாத்தா இன்னா வந்துச்சு?"

அன்று தூண் மேல் சனியைப் பிடித்து முறுக்கி இறுக்கிவிட்டு, ஒவ்வொரு போல்ட்டின் மேலும் மஞ்சள் மார்க்கரால் ஒரு கோடு போட்டேன். எங்கள் லைனில் அப்படித்தான். முறுக்கிய போல்ட்டிலிருந்து அது உட்கார்ந்திருக்கும் இடம்வரை ஒரே கோடு. போல்ட் மயிரிழை திரும்பினாலும் கோடு உடைந்துவிடும். கஸ்தூரிக்கும் அது தெரியும், அவளுடைய கம்பெனியிலும் அதே பழக்கம்தான்.

ஒன்பதரை மணி டீக்கு வந்து லாக்கரில் இருந்த போனைத் திறந்தேன். "இன்னிக்கும் இல்ல மாமா. டார்ச் அடிச்சுப் பாத்துட்டேன். மார்க் ஒண்ணுகூட ஒடையல. நீ வெச்சது வெச்ச எடத்துலதான் கீது. சனிதான் கெளம்பிப் போயிகீது."

கையில் டீயோடு அப்படியே நின்றேன். பூமி தன்னைத்தானே சுற்றுகிறது என்று பள்ளிக்கூடத்தில் எழுதி மார்க் வாங்கியவன் நான். சூரியன் அஸ்தமிப்பதைத் தினமும் மாடியில் நின்று பார்ப்பவன். அந்த வாளியும் தூணும் நானும் ஒரகடமும் சேர்ந்து உருண்டுகொண்டிருக்கிறோம் என்பது மட்டும் எனக்குத் தோன்றவில்லை. ஸ்டாண்டு எவ்வளவு உறுதியோ அவ்வளவு நிச்சயமாக அது சனியை விட்டுவிடும். தனியாகச் சிரித்தேன். சூப்பர்வைசர் ஒரு மாதிரி பார்த்தார்.

அதற்கப்புறம் வேலையை இரண்டு பேரும் சேர்ந்து செய்தோம். மறுநாள் எட்டு மணிக்கு அவள் தூணுக்குப் பக்கத்தில் நின்று மேற்கே ஒரு போட்டோ எடுத்து அனுப்பினாள். எதிரே இருந்த மொபைல் டவருக்கு இடது பக்கம், அதன் உச்சி விளக்குக்குச் சற்றுக் கீழே, ஒரு புள்ளி. "இதானே?" என்று கேட்டிருந்தாள். அதேதான். அடுத்த நாள் ஆறரைக்கு நான் சனியைக் கண்டுகொள்ளவே இல்லை. அது மேலே பளிச்சென்று நின்றுகொண்டிருந்தது. நான் அதை விட்டுவிட்டு, டவருக்கு இடது பக்கம் ஒன்றுமே இல்லாத இடத்துக்குக் குழாயைத் திருப்பி இறுக்கினேன். எட்டு மணிக்குச் சனி அங்கே வரும். சுண்டுவிரல் அகல வானம்தான் உள்ளே தெரியும். ஐந்தாறு நிமிஷத்தில் கடந்து போய்விடும். அந்த நேரத்துக்குக் கஸ்தூரியும் அங்கே இருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை வளைகாப்பு. இது திங்கட்கிழமை. அன்று ஒரகடம் கூட்ரோட்டில் இரண்டு டிரெய்லர்கள் குறுக்கே மாட்டிக்கொண்டு அவள் பஸ் நகரவே இல்லை. செவ்வாய் மேகம். வியாழனை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. மிச்சம் புதன் ஒன்றுதான். புதன் மாலை டவர் பக்கம் திருப்பி வைத்தபோது மேற்கே மேகம் விட்டு விட்டு நின்றிருந்தது. நாற்காலியைத் தூணுக்குப் பக்கத்தில் போட்டு, மேலே தலையணையும் வைத்துவிட்டுப் போனேன். அன்று எத்தனை போல்ட் முறுக்கினேன் என்று எனக்கே தெரியாது.

ஒன்பதரைக்குப் போனில் ஒரு குரல் பதிவு வந்திருந்தது. லாக்கர் கதவுக்குள் தலையை விட்டுக்கொண்டு கேட்டேன். ரொம்ப நேரத்துக்கு ஒன்றுமில்லை. நாய் குரைத்தது. லாரி ஒன்று போனது. நாற்காலி கிறீச்சிட்டது. பிறகு மெதுவாக, யாரையோ எழுப்பிவிடப் போகிறோம் என்பது போல, "வருது… ஓரத்துல வருது மாமா" என்றாள். அப்புறம் வெறும் மூச்சு. கடைசியில் "யோவ், நெசமாவே வளையம்யா" என்றாள். அவ்வளவுதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதைச் சொல்வதில் என்ன வெட்கம். திரும்பத் திரும்பக் கேட்டேன். ஒரே வீட்டில் அவளோடு நானும் இருந்தேன் என்று அன்றுதான் நம்பினேன்.

வியாழன் சொன்னபடி மழை பெய்தது. வெள்ளிக்கிழமை மணிமங்கலத்தில் என் அம்மா வீட்டில் வளைகாப்பு முடிந்து, இரண்டு கையும் வளையல் குலுங்க அவள் வாலாஜாபாத்துக்கு வேன் ஏறினாள். சனிக்கிழமை மாலை நான் அறைக்குத் திரும்பினேன். சாதம் வடித்தேன். வெளியே வந்து டவருக்கு இடது பக்கம் காலி இடத்தைப் பார்த்துக் குழாயைத் திருப்பி, முறுக்கி, மார்க்கர் போட்டேன். பஸ் கூட்ரோட்டைத் தாண்டிய பிறகுதான் எட்டு மணிக்கு யாரும் வரமாட்டார்கள் என்பது உறைத்தது. அன்று லைனில் கடிகாரம் எட்டைத் தொட்டபோது, இந்நேரம் அது உள்ளே வந்து போய்க்கொண்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். காலையில் வந்து பார்த்தபோது குழாய் முழுக்கப் பனித்துளி. பானையில் சாதம் வைத்தபடியே இருந்தது.

மகள் பிறந்ததும் நான் அடித்துப் பிடித்துப் பகல் ஷிஃப்டுக்கு மாறினேன். கஸ்தூரி வேலையை விட்டாள். அக்கா அந்த அறையை இடித்துவிட்டு நான்கு மாடி கட்டி, வேலைக்கு வரும் பெண்களுக்கு ஹாஸ்டலாக விட்டிருக்கிறார். மேற்கே குடோன்கள் வந்துவிட்டன. அவற்றின் வெள்ளை விளக்கில் டவருக்குப் பக்கத்தில் இப்போது ஒரு நட்சத்திரமும் தெரிவதில்லை. அந்தப் போன் ஒருநாள் தண்ணீரில் விழுந்து போனது, குரலும் அதோடு போனது.

போன வாரம் அந்த அவரைக்காய்ப் பொரியலைச் சாப்பிடும்போது கஸ்தூரியிடம் கேட்டேன், அந்தச் சனி இன்னும் ஞாபகம் இருக்கிறதா என்று.

"சனி அவ்ளோ ஞாபகம் இல்ல மாமா. அது வர்றதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்லாம கருப்பா இருந்துச்சு பாரு, அதப் பாத்துகினே ஒக்காந்து இருந்தேன். அதான் ஞாபகம் கீது. பஸ்ல கர்சீப் போட்டு நமக்கு யாராச்சும் எடம் புடிச்சு வெச்சிருப்பாங்களே, அந்த மாரி இருந்துச்சு."

இப்போது எட்டு மணிக்கு நாங்கள் இரண்டு பேரும் வீட்டில்தான் இருக்கிறோம். அவளுக்கு நான் அப்படி இடம் பிடித்து வைத்து எத்தனை வருஷம் ஆகிறது என்று யோசித்துக்கொண்டே கை கழுவப் போனேன்.