பூசையில் வைத்த யுகுலேலே

பேரப்பிள்ளைகளைப் பற்றி எழுதச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். மூத்த பேரன் கணக்கில் முதலாவது. சின்னவன் நீச்சலில் பதக்கம் வாங்கினான். பேத்தி தாரணி பள்ளிக்கூடத்தில் யுகுலேலே என்ற நாலு தந்திச் சின்ன வாத்தியம் வாசிக்கிறாள்.

அதையும் சரஸ்வதி பூசைக்குப் புத்தகங்களோடு வைத்துவிட்டேன். நாளை விஜயதசமி வரை தொடக் கூடாது.

இன்று காலை பள்ளிக்கூடத்துக்குப் போகும் மோர்னிங்சைட் வீதி பஸ் வரும் நேரம் தாரணி அழுதாள்.

"அம்மம்மா, இண்டைக்கு வாசிச்சுக் காட்டினாத்தான் பள்ளிக்கூட இசைக்குழுவில சேர்ப்பினம்!"

"பூசையில வைச்சதை எடுக்கேலாது, பிள்ளை."

"உது வீணையில்லை! போர்த்துக்கல் ஆக்கள் ஹவாய்க்கு வேலை தேடிப் போகேக்க கப்பலில கொண்டுபோன சின்னக் கிட்டாரில இருந்து வந்தது."

எங்களைப் போல ஊர்விட்டுப் பிழைக்கப் போன சனம் தூக்கிக்கொண்டு போனதா?

கற்பூரம் கொளுத்தி, நானே எடுத்துக் கொடுத்தேன்.

"முதல் சரஸ்வதிக்கு வாசிச்சுப்போட்டு ஓடு."

பஸ்ஸைப் பிடித்தாள். குழுவிலும் சேர்த்துவிட்டார்கள்.

நான் செய்தது பிழையென்றால் ஏசி எழுதுங்கள். அந்தக் கடிதத்துக்குள் உங்கள் பேரப்பிள்ளைகளின் புதுப் படம் ஒன்றையும் வைத்துத் தபாலில் போடுங்கள்.