கடைக்கு வந்தவர் வகுப்புக்கும் வந்துவிட்டார்

ஆன்லைன் வகுப்பில் கேள்வி கேட்டால் என் மாணவர்களுக்கு உடனே நெட் போய்விடும். அதனால் இந்த வாரம், "கரும்பு போடலாமா, வேண்டாமா? பேசி வீடியோ எடுத்து குரூப்பில் போடுங்கள்" என்று சொல்லியிருந்தேன்.

வகுப்பில் வாயே திறக்காத நஸ்ரினும் இன்று காலை ஒன்று போட்டாள். பாகூரில் அவள் அப்பாவின் மளிகைக் கடையில் எடுத்தது. எழுதி வைத்ததைத் தலை நிமிராமல் படிக்கிறாள். நடுவில், சாமான் வாங்க வந்த கரும்பு விவசாயி ஒருவரின் குரல்.

"இன்னாமா, தனியா பேசினு இருக்க?"

"கரும்புக்குத் தண்ணி ஜாஸ்தின்னு சொல்றேன் மாமா."

"ஏன், நெல்லு மட்டும் தண்ணி குடிக்கலியா?"

பேப்பரைக் கீழே வைத்தாள். "நெல்லு போடுங்கன்னு நான் சொன்னேனா? உளுந்து போடுங்க. போர்ல தண்ணி கீழ போயிடுச்சுன்னு அப்பாகிட்ட பொலம்புனது நீங்கதானே?"

அவர் விடவில்லை. அவளும் விடவில்லை.

வீடியோ வந்த கொஞ்ச நேரத்தில் அவளிடமிருந்து போன். "மேம், தப்பான வீடியோ போயிடுச்சு. நல்லா படிச்சு இன்னொண்ணு எடுத்து வெச்சிருக்கேன். இத டெலீட் பண்ணிடட்டா?"

அதற்குள் மற்றவர்களின் பதில் வீடியோக்கள் வரத் தொடங்கியிருந்தன. பாதி அவளுக்கு, பாதி அந்த மாமாவுக்கு. "முதல்ல அதெல்லாம் பாரும்மா" என்றேன்.

சாயந்திரம் அவளே மெசேஜ் அனுப்பினாள். "மேம், மாமா மறுபடியும் கடைக்கு வந்துட்டாரு. எல்லாருக்கும் பதில் சொல்லணுமாம். நானும் அவர சும்மா விடப் போறதில்ல. இன்னொரு வீடியோ போடட்டா?"

போடச் சொல்லிவிட்டேன். மாமாவுக்கு அட்டெண்டன்ஸ் போடலாமா என்று மட்டும் நீங்கள் சொல்லுங்கள்.