வீராம்பட்டினத்திலிருந்து திரும்பிய சேவல்

மாமனார் என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது ஒரு கோழியின் விரித்த இறக்கை. கல்யாணமாகி முத்தியால்பேட்டை வீட்டுக்கு வந்த மறுநாள் காலை, பல் துலக்கப் பின்கட்டுக்குப் போனேன். முருங்கை மரத்தடியில் அவர் ஒரு பெட்டைக் கோழியை இடது கையிடுக்கில் வைத்துக்கொண்டு, அதன் இறக்கையை விசிறி மாதிரி விரித்து வெயிலில் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கொஞ்சமும் யோசிக்காமல் கோழியை நீட்டினார். "இந்தாம்மா, புடி. எடை தெரியுதா? ஒண்ணுமே இல்ல பாரு. இதான் சிறுவிடை." லாஸ்பேட்டையில் மாடி வீட்டில் வளர்ந்தவள் நான். கடையில் தோலுரித்த கோழியைப் பார்த்ததோடு சரி. கையில் வாங்கியபோது அதன் சூடும், விரலுக்கடியில் படபடவென்று அடித்துக்கொண்ட நெஞ்சும்தான் தெரிந்தன. எடை தெரியவில்லை. எதோடு ஒப்பிட்டுச் சொல்வது என்றும் தெரியவில்லை. தலையை மட்டும் ஆட்டிவைத்தேன்.

அவர் பஞ்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆலை மூடிய பிறகு அவருக்கு மிச்சமிருந்த வேலை இந்தக் கோழிகள்தான். நாட்டுக்கோழி என்று கடையில் விற்பதெல்லாம் பண்ணைக் கலப்பு என்பார். நோணாங்குப்பத்தில் இருந்த தன் அக்கா வீட்டிலிருந்து கொண்டுவந்த பெட்டைகளிலிருந்து, கலப்பு தட்டாத சிறுவிடை என்ற நாட்டினத்தைப் பிரித்தெடுத்துப் பெருக்க வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். குஞ்சு கொஞ்சம் வளர்ந்ததும் காலைப் பார்ப்பார். குச்சி போல மெலிந்திருக்க வேண்டும். சின்னக் கொண்டை, அடக்கமான உடம்பு, அந்தி சாய்ந்தால் கூண்டுக்கு வராமல் முருங்கைக் கிளைக்குப் பறக்கிற துடிப்பு. பெட்டையானால், யாரும் சொல்லாமலே அடையில் உட்கார வேண்டும். கால் தடித்து மஞ்சள் பூத்தால் அது குழம்புக்குப் போய்விடும். அதில் இரக்கமே பார்க்கமாட்டார். கடலூரிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் அடைமுட்டை கேட்டு ஆட்கள் வருவார்கள். வந்தவர்கள் எல்லோரும் ஏன் கோழிகளின் காலில் அடையாள வளையம் போடவில்லை என்று கேட்பார்கள். "வளையம் போடறது மறந்துபோறவன் செய்யற வேலை" என்பது அவருடைய பதில்.

நான் பள்ளியில் வேதியியல் சொல்லித்தருகிறேன். தெரியாத உப்பு ஒன்றைக் கொடுத்தால் வரிசையாகச் சோதனை செய்து, இது இன்னது என்று முடிவு எழுதலாம். மாமாவின் முறை எனக்குப் பிடிபடவே இல்லை. ஒரே அடையில் பொரித்த இரண்டு குஞ்சுகளைக் காட்டி, ஒன்று நம்முடையது, மற்றது இல்லை என்பார். கேட்டால் நடையைப் பார் என்பார். இரண்டும் ஒரே மாதிரிதான் நடக்கும்.

அந்தக் கோழிகளுக்கெல்லாம் அப்பன் ஒரு சேவல். செவலை உடம்பு, கருத்த வால். அதற்கு முசே என்று பெயர். மாமாவின் அப்பா பிரெஞ்சுக்காரர் வீட்டில் சமையலுக்கு இருந்தவர். துரையை அழைக்கிற சொல்லாக வீட்டுக்குள் வந்தது இந்த முசே. சேவல் நடக்கிற தோரணையைப் பார்த்து மாமா அந்தப் பெயரை அதற்குக் கொடுத்துவிட்டார். அவர் பின்கட்டுக்கு வந்து நாக்கை மடித்து "பா, பா, பா" என்று அழைத்தால், அது எந்தச் சுவரில் நின்றாலும் பறந்து இறங்கி அவர் காலடிக்கு வந்துவிடும்.

என் மகளுக்கு நாலு வயதானபோது டெங்கு வந்தது. ஆஸ்பத்திரியில் ரத்தத் தட்டணுக்களின் எண்ணிக்கை இறங்கிக்கொண்டே போனது. அப்போது என் மாமியார் யாரிடமும் சொல்லாமல் வீராம்பட்டினத்து அம்மனுக்கு வேண்டிக்கொண்டுவிட்டார். பிள்ளை பிழைத்தால் வீட்டில் வளர்ந்த சேவலை உயிரோடு கோயிலுக்கு விடுவதாக வேண்டுதல். வளர்ந்து நின்ற சேவல் வீட்டில் ஒன்றுதான். மகள் தேறி வீட்டுக்கு வந்து, எழுந்து விளையாடத் தொடங்கிய பிறகுதான் அத்தை விஷயத்தைச் சொன்னார். சந்தையில் நல்லதாக ஒன்று வாங்கி விடலாமே என்றார் என் கணவர். வேண்டிக்கொண்டதை மாற்றக்கூடாது என்று அத்தை அழுதார். ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் மாமாவே முசேவைக் கட்டைப்பையில் தலை மட்டும் வெளியே தெரிய வைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் போய், கோயில் வாசலில் விட்டுவிட்டு வந்தார். அப்படி விட்ட சேவலை யாராவது பிடித்துக்கொண்டு போவார்கள். வந்ததும் குளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். பேத்தியைப் பக்கத்தில் உட்காரவைத்து ஊட்டினார். வருத்தப்பட்டாரா என்று அப்போதும் எனக்குத் தெரியவில்லை.

அடுத்த தலைமுறைக்கென்று அவர் நிறுத்தியிருந்த இளஞ்சேவல் ஒன்று இருந்தது. மழை தொடங்கியதும் அது வெள்ளைக் கழிச்சல் வந்து செத்துப்போனது. சேவல் இல்லாத முட்டைகளை அடைவைத்துப் பயனில்லை. பெட்டைகள் மட்டும் முற்றத்தில் கிளறிக்கொண்டிருந்தன. எத்தனையோ வருஷத்து உழைப்பு அத்தோடு முடிந்தது என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

ஐப்பசியில் ஒருநாள் மீன் வாங்கிவருகிறேன் என்று வீராம்பட்டினத்துக்குப் போனவர், ஆட்டோவில் வந்து இறங்கினார். ஸ்கூட்டரை அங்கேயே மறந்துவிட்டிருந்தார். மீனும் இல்லை. கையில் சேவல் இருந்தது. "நம்ம முசே. படகாண்ட மேஞ்சிட்டிருந்துச்சு. அத வளத்த வீட்டம்மா குடுத்துட்டாங்க" என்றார்.

அத்தை கதவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் சேவலையே பார்த்தார். பிறகு, "இது நம்மளுது இல்ல" என்றார். என் கணவரும் அதையே சொன்னார். முசேவின் வால் கருகருவென்று இருக்கும், இதற்கு நடுவில் செம்பட்டை ஓடுகிறது, கொண்டை வேறு பக்கம் சாய்ந்திருக்கிறது, காலும் சற்றுப் பருமன் என்றார். அவர் சொன்னது எனக்கும் சரியாகத்தான் பட்டது. ஆனால் அவர் முசேவை என்றைக்காவது நின்று பார்த்தாரா என்ற சந்தேகமும் வந்தது. கோழிகள் அந்தப் பருவத்தில் இறகு உதிர்த்துப் புதிதாக முளைக்கவைக்கும். நிறம் கொஞ்சம் மாறலாம். என் போனில் ஒரே ஒரு படம் இருந்தது, மகள் முசேவை அணைத்தபடி. அதில் கொண்டை இடது பக்கம் விழுந்திருந்தது. வந்த சேவலுக்கு வலது பக்கம். முடிந்தது என்று நினைத்தேன். பிறகுதான் அது பழைய போனின் முன்பக்கக் கேமராவில் எடுத்தது, இடம் வலமாகத் தெரியும் என்று ஞாபகம் வந்தது. சில போன்கள் சேமிக்கும்போது அதைத் திருப்பிவிடும் என்றாள் பள்ளியில் கணினி ஆசிரியை. அந்தப் பழைய போன் அப்படிச் செய்ததா என்று கண்டுபிடிக்க, அதுவே என்னிடம் இல்லை. மாமா இந்த ஆராய்ச்சி எதிலும் கலந்துகொள்ளவில்லை. அத்தை "நம்மளுது இல்ல" என்று சொல்லும்போதெல்லாம் அவர் மறுத்துப் பேசியதும் இல்லை. சேவல் வீட்டிலேயே இருந்தது.

அதற்குப் பிறகு மாமா மறக்கத் தொடங்கினார். குருணையை அரிசிப் பானையில் கொட்டினார். மூடிப்போன ஆலைக்கு ஷிப்டுக்கு நேரமாகிறது என்று சட்டை மாட்டினார். என்னை அக்கா என்று கூப்பிட்டு, நோணாங்குப்பத்தில் தண்ணீர் ஏறிவிட்டதா என்று விசாரித்தார். மருத்துவரிடம் அழைத்துப்போனோம். எப்போதிலிருந்து இப்படி என்று அவர் கேட்டபோது என் கணவர், "சேவல் விஷயத்துலதான் சார் ஆரம்பிச்சுது" என்றார். வேறொரு சேவலைத் தன்னுடையது என்று நம்பிக் கொண்டுவந்ததை விளக்கினார். மருத்துவர் தலையசைத்தார். மாமா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு மட்டும் உறுத்தியது. ஸ்கூட்டரை மறந்துவிட்டு வந்தது மறதிதான், சந்தேகமில்லை. சேவல்? அது மறதி என்று யார் சோதித்துப் பார்த்தார்கள்?

தையில் குஞ்சுகள் பொரிந்தன. வளர வளர எனக்குக் குழப்பம் கூடியது. சில, மாமா ஆயிரம் தடவை காட்டித் தந்த அதே மெலிந்த கால்களோடு முருங்கைக்குத் தாவின. சில, கால் தடித்து மஞ்சளாகத் தரையிலேயே சுற்றின. முன்பும் இப்படி ஒன்றிரண்டு வரத்தானே செய்தன? அப்படியானால் இது எதற்கும் சாட்சியில்லை. மாமா இரண்டு வகையையும் மடியில் ஏற்றிக்கொண்டார். ஒன்றைக்கூடக் குழம்புக்கு அனுப்பவில்லை. அவருக்கு வித்தியாசம் தெரியாமல் போய்விட்டதா, தெரிந்தும் விட்டுவிட்டாரா என்று விளங்கவில்லை.

நல்ல தெளிவாக இருந்த ஒரு மாலையில் கேட்டேவிட்டேன். "மாமா, இது நெசமாவே நம்ம முசேதானா? எப்புடிக் கண்டுபுடிச்சீங்க?"

அவர் மடியிலிருந்த குஞ்சைத் தரையில் விட்டார். "நான் எங்கம்மா கண்டுபுடிச்சேன்? எனக்குக் கண்ணு சரியாத் தெரியல. சும்மா பா, பான்னு கூப்புட்டுப் பாத்தேன். அது ஓடியாந்து காலாண்ட நின்னுச்சு. அதுதான் என்னைக் கண்டுபுடிச்சுது."

அன்று முழுக்க எனக்கு மனம் நிறைந்திருந்தது. மறுநாள் காலை, தீனிக் கிண்ணத்தோடு நான் போய் அதே மாதிரி நாக்கை மடித்துக் கூப்பிட்டேன். சேவல் ஓடிவந்து என் காலடியிலும் நின்றது.

மாமா போய் மூன்று வருஷமாகிறது. கடைசி மாதங்களில் அவருக்கு எங்கள் யாரையும் தெரியவில்லை. கோழியைக் கையில் கொடுத்தால் மட்டும் இறக்கையை விரித்துப் பார்ப்பார். அந்தச் சேவல் அவருக்கு முன்பே போய்விட்டது. அதன் வாரிசுகள் இன்னும் முருங்கையில் ஏறுகின்றன. தடித்த கால்காரர்கள் இன்னும் தரையில் சுற்றுகிறார்கள்.

போன மாதம், நாட்டு இனக் கோழிகளைத் தேடித் திரட்டுகிற நண்பர் ஒருவர் கடலூர்ப் பக்கத்திலிருந்து வந்தார். தராசு, கையுறை எல்லாம் கொண்டுவந்திருந்தார். ஒவ்வொன்றாகப் பிடித்து நிறுத்து, காலை அளந்து, சிலவற்றை அசல் சிறுவிடை என்றார், சிலவற்றைக் கலப்பு என்றார். இரண்டும் ஒரே அடையில் பொரித்தவை என்றேன். அவர் நெற்றியைச் சொறிந்துகொண்டார். தாய்க்கோழி வழி தெரிகிறது, அப்பன் யார் என்று தெரிந்தால்தான் மேற்கொண்டு சொல்ல முடியும் என்றார். நான் பதில் தேடிக்கொண்டிருந்தபோது, வாசற்படியில் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அத்தை நிமிர்ந்து பார்க்காமலே, "வீட்டுச் சேவல்தான்" என்றார்.

நண்பர் போகும்வரை காத்திருந்து அத்தையிடம் கேட்டேன். இத்தனை வருஷமாக நம்முடையது இல்லை என்றுதானே சொன்னீர்கள்?

"முசேதான் அது. வாசல்ல எறங்குனப்பவே தெரிஞ்சுபோச்சு. வால்ல செம்பட்டை மழைக்கப்புறம் வருஷா வருஷம் வரும், போவும். நான்தானே டெய்லி தீனி போட்டேன்" என்றார்.

"பின்ன ஏன் அத்தை இல்லன்னீங்க?"

"நம்மளுதுன்னு சொன்னா, அம்மனுக்கு உட்டது இல்லியா? திருப்பிக் கொண்டுபோய் உடணும். ஒரு தடவ உட்டுட்டு வந்து அந்த மனுசன் சாப்புட ஒக்காந்தத நான் பாத்தேன். இன்னொரு தடவ என்னால பாக்க முடியாது. வேற யாரோ ஊட்டுச் சேவல்னா இருந்துட்டுப் போவுதுன்னு நெனச்சேன்."

மருத்துவமனை நாற்காலியும், சன்னலைப் பார்த்திருந்த முகமும் மனதில் வந்தன. அத்தைக்கும் இப்போது எழுபது தாண்டிவிட்டது. நேற்று நடந்ததை அவர் மாற்றிச் சொல்வதும் உண்டு. இது உண்மையா, இல்லை மாமா போன பிறகு தனக்கு ஆறுதலாகச் சேர்த்துக்கொண்டதா? இவர் முகத்தை எத்தனை உற்றுப் பார்த்தாலும் எனக்குத் தெரியப்போவதில்லை.

"வேணும்னேதான் இல்லன்னீங்கன்னு மாமாகிட்டயாவது தனியாச் சொல்லியிருக்கலாமே" என்றேன்.

அத்தை ஆய்ந்த கீரையை முறத்தில் ஒருபக்கமாக ஒதுக்கினார்.

"அவருக்கா தெரியாது?" என்றார்.