காலி இடத்தில் பத்தொன்பது கற்கள்

வட்ட அலுவலகத்துச் சுவரில் வரைபடம் ஒட்டியிருப்பதாகப் பால்காரர் சொன்னதும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். எங்கள் பகுதி நிலத்தில் இனி எது எங்கே வரலாம் என்று தீர்மானிக்கும் திட்டத்தின் வரைவு அது. வீடுகளுக்கு மஞ்சள், தொழிற்சாலைகளுக்கு ஊதா, பூங்காவுக்குப் பச்சை. திருவொற்றியூரில் எங்கள் தெரு வரும் துண்டில் ஊதாதான் அதிகம். பச்சையை எண்ணினேன், மூன்றே மூன்று. ஒன்று குளக்கரை, இன்னொன்று பள்ளி மைதானம். மூன்றாவது, பழைய கிடங்கின் சுவருக்கும் கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய பாறைகளுக்கும் நடுவில் உள்ள மணல் தரை. அதன்மேல் ‘உத்தேசப் பூங்கா’ என்று எழுதி, கீழே பொடி எழுத்தில் ‘தற்போதைய பயன்பாடு: காலி இடம்’ என்று போட்டிருந்தது.

முதலில் எனக்குச் சந்தோஷம்தான். துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் சரக்கை எண்ணிச் சரிபார்ப்பது என் வேலையாக இருந்தது. ஓய்வு பெற்றதும் சர்க்கரை வந்து சேர்ந்தது. நடங்கள் என்றார் டாக்டர். எங்கே நடப்பது? கடற்கரைச் சாலைக்குப் போய் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் இருபத்தேழு கன்டெய்னர் லாரிகள் போயின. நடைபாதை இருந்த இடத்தில் இரண்டு லாரிகள் நின்றுகொண்டிருந்தன. அவற்றை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

ஆனால் ‘காலி இடம்’ என்ற இரண்டு சொற்கள் என்னைத் தூங்கவிடவில்லை. அந்தத் தரையை நான் ஒருநாளும் காலியாகப் பார்த்ததில்லை. காலையில் பெண்கள் வலையை விரித்து மீனைக் காயப்போடுவார்கள். ஒவ்வொருத்தியின் இடத்துக்கும் மூலையில் ஒரு கல் உண்டு. தண்ணீர் லாரிக்குக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறோமே, அந்த மாதிரி, கல் இருந்தால் ஆள் இருப்பதாக அர்த்தம். மொத்தம் பத்தொன்பது கற்கள். சாயங்காலம் வாலிபால். கல்யாணம் வந்தால் பந்தல். இவ்வளவும் அளக்க வந்தவர்களின் கண்ணுக்கு எப்படித் தப்பியது என்று தெரியவில்லை.

மறுநாள் அங்கேயே போனேன். நீலக் கல்லுக்குரிய பெண், ஐம்பது வயதிருக்கும், காரப்பொடி மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். படகுக்கு அடித்து மிஞ்சிய பெயின்ட்டைக் கல்லுக்கும் பூசியிருந்தாள்.

“ஏம்மா, இங்கே அளக்க ஆபீசிலேர்ந்து வந்தாங்களா?”

“வந்தாங்கோ நைனா, போன மாசம். இன்னா மருவாதி தெர்மா? மொத நாளே ஆள் அனுப்சி சொல்ட்டாங்கோ.”

“நீங்க என்ன பண்ணீங்க?”

“ஆபீசருங்கோ வர்ற எடம் நாறிகினு இருந்தா நல்லாவா கீது? மொத்தத்தையும் வாரி வூட்டாண்ட கொண்டு போய்ட்டோம். பெருக்கினோம். ஈ மொய்க்காம பிளீச்சிங் பவுடர் போட்டோம். காலு தடுக்குமேன்னு கல்லைக்கூட எட்த்துட்டோம். நானு கோலம் வேற போட்டேன்.”

அடுத்த வலையில் உப்புத் தூவிக்கொண்டிருந்தவள், அவளுடைய தங்கை, சிரித்தாள். “கோலத்த போட்டோ எட்த்துகினாங்கோ. இவளத்தான் ஓரமா போவச் சொல்ட்டாங்கோ.”

வரைபடத்தில் எழுதியிருந்ததைச் சொன்னேன். சிரிப்பு நின்றது.

“பார்க்கு வந்தா மீனு காயப் போட வுடுவாங்களா?” என்று அக்கா கேட்டாள்.

“வேலி போட்டுப் பூட்டுவாங்க.”

“அப்ப நானு எங்க போறது? மின்னே கடலாண்ட மணலு இருந்திச்சி, இப்ப பாறதான் கீது. மாடில போட்டா கீழ் வூட்டுக்காரன் பேஜாரு பண்றான். இத வுட்டா எனக்கு வேற தொயிலு தெரியாது.” மீனைத் திருப்பினாள். “உனுக்கு இன்னா பெர்சு? நீ ஜாலியா நடப்பே.”

அது உண்மை. அந்தப் பச்சை எனக்கும் வேண்டும். ஆட்சேபணை மனு எழுத உட்கார்ந்தபோது இரண்டு காகிதங்களைக் கசக்கினேன். மூன்றாவதில், ‘ஐயா, இன்னொருமுறை பார்வையிட வாருங்கள். தயவுசெய்து சொல்லாமல் வாருங்கள்’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன்.

பிறகு தினமும் தரைக்குப் போக ஆரம்பித்தேன். வெயில் தாங்காமல் கிடங்குச் சுவரை ஒட்டி நிற்பேன். அப்போதுதான் கவனித்தேன், பத்தொன்பதில் ஒரு கல்கூட அந்தப் பக்கம் இல்லை. சுவர் மேற்கே, சாலைப் பக்கம் இருப்பதால் மத்தியானம் திரும்பியதும் அங்கே நிழல் விழுந்துவிடும், மீன் காயாது. எட்டுப் பேர் தோளோடு தோள் நிற்கிற அகலத்துக்கு, தரை நெடுக ஒரு பட்டை மணல் சும்மா கிடந்தது.

அதிகாரி சொல்லாமல்தான் வந்தார், ஸ்கூட்டரில். சின்ன வயதுப் பெண். அன்றைக்குப் பார்த்து மேகமூட்டம். மீன் விரித்தவர்கள் நாலு பேர்தான். அவர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார்.

“இந்தக் கல்லெல்லாம் என்ன?”

“ஆளுங்கோ மேடம்,” என்றாள் நீலக் கல்காரி. “இது நானு. அது என் தங்கச்சி. அந்தாண்ட கீறது எங்க அத்த. அது செத்துப் பூட்ச்சி, இப்ப அதோட மருமவ.”

அதிகாரி சிரிக்கவில்லை. மரியாதையாகக் கற்களைச் சுற்றி நடந்தார். நான் சர்க்கரையில் மரத்துப்போன காலை இழுத்து இழுத்து நடந்து சுவரோரத்தைக் காட்டி, நடைபாதையை அங்கே போடலாமே, பெஞ்சும் நிழலில் இருக்குமே என்றேன்.

“போட்டுக்கோ பெர்சு. ஆனா கல்லத் தாண்டி வராத,” என்றாள் அவள். “மீன மிதிச்சே, கால ஒட்ச்சிருவேன்.”

“இவர் கால் ஏற்கெனவே அப்படித்தான் இருக்கு,” என்று அதிகாரி சொல்லிவிட்டுப் பென்சிலால் ஏதோ குறித்துக்கொண்டார். எட்டிப் பார்த்தேன், தெரியவில்லை.

திருத்திய வரைபடத்தை ஒட்டியபோது நானும் நீலக் கல்காரியும் போனோம். சுவரோரம் மெல்லிய பச்சைக் கோடு. மற்ற இடமெல்லாம் சாய்ந்த கோடுகள் போட்டு ‘மீன் உலர்த்தும் பொதுத் தரை’ என்று எழுதியிருந்தது. வாசித்துக் காட்டினேன். பெஞ்சு எத்தனை என்று எங்குமே போடவில்லை; அது எனக்குக் குறைதான்.

“இதுல என் கல்லு எங்க கீது?” என்று கேட்டாள்.

அவ்வளவு சின்னதை வரைபடத்தில் காட்டமாட்டார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு உத்தேசமாக ஓர் இடத்தில் விரலை வைத்தேன். அவள் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பாறைகள் எந்தப் பக்கம் என்று கேட்டாள், சுவர் எது என்று கேட்டாள். பிறகு என் விரலைப் பிடித்து ஒரு நெல்மணி அளவுக்குக் கடல் பக்கம் நகர்த்தி வைத்தாள்.